மாணாக்கர் வாக்குரிமை: கல்வி, அகவை, இருப்பிடம் என்னும் மூன்று அளவைகள்

முன்னுரை

கல்லூரி மாணாக்கர் வாக்களிப்பதில் ஊக்கம் குன்றியவர் என்னும் கருத்து இன்று கற்றோரிடையேயும் ஆட்சியாளரிடையேயும் பெருவழக்காய் உள்ளது. அக்கருத்தை அடியொற்றியே தேர்தல் அணுகுந்தோறும் கல்லூரிகளில் விழிப்புணர்வுப் பேரணிகளும், உறுதிமொழி ஏற்கும் விழாக்களும், கோலப் போட்டிகளும் நடத்தப்பெறுகின்றன. இவை தீயன அல்ல. எனினும், நோய் இன்னதென்று தெளியாமுன் மருந்து கொடுத்தல் பயன் தருமோ என்பது எண்ணிப்பார்த்தற்குரியது. மாணாக்கர் வாக்குச்சாவடிக்கு வாராமைக்கு அவர்தம் உள்ளம் காரணமா, அன்றி அவர்தம் பெயரைப் பட்டியலில் ஏற்றும் முறை காரணமா? இவ்வினாவிற்கு விடை காண வரலாறு பெரிதும் துணைபுரியும் என்பது எம் துணிபு.

ஆட்சியில் பங்குகொள்ளுதற்கு உரியவர் யாவர் என்பதனை வரையறுத்தற்கு ஒவ்வொரு காலத்தும் சில அளவைகள் கொள்ளப்பட்டன. உடைமை, குலம், பால் முதலியனவும் அவற்றுள் அடங்கும். ஆயினும், கற்கும் இளைஞரைப் பொறுத்தமட்டில் தலையாயவை மூன்று. அவை கல்வி, அகவை, இருப்பிடம் என்பன. இவற்றுள் கல்வி என்னும் அளவை நம் நாட்டில் நீங்கிவிட்டது. அகவை என்னும் அளவை தளர்ந்தது. இருப்பிடம் என்னும் அளவை மட்டும் இன்றும் நிலைபெற்றுள்ளது. மாணாக்கர் இடர்ப்படும் இடம் இம்மூன்றாவதே என்பதனை வரலாற்று முறையான் விளக்குதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

உத்தரமேரூர்க் கல்வெட்டுகள்

இம்மூன்று அளவைகளும் ஒருங்கே காணப்படும் பழஞ்சான்று, உத்தரமேரூர் வைகுண்டப்பெருமாள் கோயிற் சுவரில் வெட்டப்பெற்றுள்ள முதற் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டாம். அவை அவனது 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுகளில், அஃதாவது கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் எழுந்தவை. ஊர் 30 குடும்புகளாகப் பகுக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுடையார் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுப்பித்து, சம்வத்சர வாரியத்திற்கு 12 பேரும், தோட்ட வாரியத்திற்கு 12 பேரும், ஏரி வாரியத்திற்கு 6 பேரும் அமர்த்தப்பட்டனர்.

பெயர் எழுதப்பெறுதற்குரிய தகுதிகளை நோக்குவோம். இறை செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் உடையவனாதல் வேண்டும். தனக்குரிய மனையில் தானே வீடு கட்டிக்கொண்டு வாழ்பவனாதல் வேண்டும். வேதம் கற்றவனாதல் வேண்டும். அகவை, முதற் கல்வெட்டின்படி 30க்கு மேலும் 60க்குள்ளும், இரண்டாம் கல்வெட்டின்படி 35க்கு மேலும் 70க்குள்ளும் இருத்தல் வேண்டும். இரண்டாண்டு இடையீட்டிற்குள் கீழெல்லையும் மேலெல்லையும் உயர்த்தப்பட்டமை கருதத்தக்கது. மற்றொரு விதி இவற்றினும் சிறந்த செய்தியைத் தருகின்றது. அரைக்கால் வேலி நிலமே உடையவனாயினும், ஒரு வேதமும் ஒரு பாடியமும் வல்லவனாயின் அவன் பெயரும் எழுதப்படும் என்பதே அது. கல்வி, உடைமையின் குறையை நிரப்பும் ஈடாகக் கொள்ளப்பட்டமை இதனால் விளங்கும்.

இக்கல்வெட்டுகளைக் கொண்டு, பண்டைத் தமிழகத்தில் மக்கள் அனைவரும் வாக்களித்தனர் என்று சொல்வார் உளர். அது பொருந்தாது. உத்தரமேரூர்ச் சதுர்வேதிமங்கலம் பிரமதேயம் ஆதலின், இவ்விதிகள் அவ்வூர்ப் பார்ப்பனச் சபையார்க்கே உரியவை. உழுவாரும் வினைஞரும் பெண்டிரும் இதனுள் இடம்பெற்றிலர். மேலும், குடவோலை என்பது திருவுளச் சீட்டே ஒழிய வாக்களிப்பு அன்று. ஓலை எடுக்குங்கால் சபையார் இளையோரும் முதியோருமாய் நிறைவுறக் கூடியிருத்தல் வேண்டும் என விதித்திருப்பினும், அங்கு இளையோர் காண்போராகவே இருந்தனர். குடத்துள் கையிட்ட சிறுவனும் ஓலைகளின் வேறுபாடு அறியாதவன் என்னும் காரணத்தாலேயே தெரிந்தெடுக்கப்பட்டான். இளமையின் அறியாமை நடுவுநிலைமைக்குப் பயன்படுத்தப்பட்டது; இளமையின் கருத்து வினவப்படவில்லை.

குடவோலை வழக்கம் சோழர் காலத்தினும் பழமையானது என்பதற்கு அகநானூற்று 77ஆம் பாட்டில் மருதன் இளநாகனார் அதனை உவமையாக எடுத்தாண்டிருத்தல் சான்றாகும். ஆயின், யார் பெயர் ஓலையில் ஏறும் என்பதனை வரையறுத்துக் கூறுவன உத்தரமேரூர்க் கல்வெட்டுகளே. அவ்வரையறையில் கல்வி, அகவை, இருப்பிடம் என்னும் மூன்றும் உடைமையோடு பிணைந்து நின்றன என்பதனை ஈண்டு மனங்கொள்ளுதல் வேண்டும்.

கல்வியால் வந்த வாக்கு

ஏறத்தாழ ஓராயிரம் ஆண்டுகட்குப் பின், முற்றிலும் வேறான ஆட்சியின்கீழ், கல்வி மீண்டும் உரிமைக்கு வாயிலாயிற்று. இங்கிலாந்தில் ஆக்சுபோர்டு, கேம்பிரிட்சுப் பல்கலைக்கழகங்கட்கு 17ஆம் நூற்றாண்டின் தொடக்கந்தொட்டே பாராளுமன்றத்தில் இடங்கள் இருந்தன. அவ்விடங்கட்கு வாக்களித்த பட்டதாரிகள் தாம் வாழும் தொகுதியிலும் வாக்களிக்கலாம். ஆதலின் அவர்க்கு ஒன்றுக்கு மேற்பட்ட வாக்குகள் இருந்தன. 1948ஆம் ஆண்டுச் சட்டம் அவற்றை ஒழித்தது.

அம்முறையின் சாயல் சென்னை மாகாணத்திலும் படிந்தது. 1857இல் தோன்றிய சென்னைப் பல்கலைக்கழகம், 1892ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி எழுந்த விதிகளாலும் 1909ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தாலும் சட்டசபைக்குத் தன் சார்பாளரை அனுப்பும் உரிமை பெற்றது. 1919ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பின் அவ்வுரிமை பதிவுபெற்ற பட்டதாரிகட்கும் விரிந்தது. 1923இல் தீரர் சத்தியமூர்த்தி சென்னைச் சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது இப்பல்கலைக்கழகத் தொகுதியினின்றேயாம். 1935ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த சென்னைச் சட்டப்பேரவையின் 215 இடங்களுள் ஒன்று பல்கலைக்கழகத்திற்கென ஒதுக்கப்பட்டிருந்தது.

அக்காலத்துப் பொதுவாக்குரிமையின் குறுக்கத்தை நினைப்பார்க்கே இச்சலுகையின் பெருமை புலனாகும். 1920ஆம் ஆண்டுத் தேர்தலில் நான்கு கோடிக்கு மேற்பட்ட மக்கள் வாழ்ந்த சென்னை மாகாணத்தில் வாக்காளராயிருந்தோர் ஏறத்தாழ 12½ இலட்சத்தவரே. நிலவரியும் பிற வரியும் செலுத்துவார்க்கே வாக்கு உரியதாயிருந்தது. 1921இல் சென்னைச் சட்டசபை பெண்டிர்க்கிருந்த தடையை நீக்கிற்று. ஆயினும் உடைமைத் தகுதி அவர்க்கும் வேண்டப்பட்டது. 1935ஆம் ஆண்டுச் சட்டம் எழுத்தறிவையும் வாக்குரிமைக்கு ஒரு தகுதியாக ஏற்றது. நிலமில்லாதவனுக்குக் கல்வி ஈடாகும் என்னும் உத்தரமேரூர் விதியின் கருத்தே, தொடர்பு ஏதுமின்றி, ஈண்டும் வெளிப்படுதல் காண்க.

இருவகையிலும் உரிமை பெற்றவர் கற்று முடித்தவரே ஆவர், கற்றுக்கொண்டிருப்பவர் அல்லர். பட்டதாரிக்கு வாக்கு இருந்தது, மாணாக்கனுக்கு இல்லை. கல்வி, உரிமைக்குரிய பருவமாகக் கருதப்படாது, உரிமையை ஈட்டித்தரும் உடைமையாகவே கருதப்பட்டது.

நாடு விடுதலையடைந்தபின் இயற்றப்பெற்ற அரசியலமைப்பின் 326ஆம் உறுப்பு, 21 அகவை நிரம்பிய குடிமக்கள் அனைவர்க்கும் வாக்குரிமை வழங்கிற்று. எழுத்தறியாதார் மிகுதியாயிருந்த நாட்டில் கல்வித் தகுதியை அறவே விலக்கியது துணிவான செயலாகும். சட்டமியற்றும் உறுப்பினர்க்கேனும் கல்வித் தகுதி விதிக்க இயலாமற் போயிற்றே என்று அரசியலமைப்பு அவையின் தலைவர் இராசேந்திர பிரசாத்து 26-11-1949 அன்று தம் நிறைவுரையில் வருந்தினார். எனினும் அவை தன் முடிவினின்றும் பெயரவில்லை.

பழைய முறையின் எச்சம் மேலவையில் மட்டும் எஞ்சிற்று. 171ஆம் உறுப்பின்படி மேலவை உறுப்பினருள் பன்னிரண்டில் ஒரு பங்கினரைப் பட்டம் பெற்று மூன்றாண்டு கழிந்தோர் தேர்ந்தெடுப்பர். தமிழ்நாட்டு மேலவை 1-11-1986 அன்று ஒழிந்தபோது அவ்வெச்சமும் இங்கு மறைந்தது. கருநாடகம், மகாராட்டிரம் முதலிய மாநிலங்களில் அஃது இன்னும் உண்டு. இவ்வாறு, கல்வியால் வாக்குப் பெறும் வழக்கம் தமிழ்நாட்டில் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு நிலவி முடிவெய்தியது.

அகவையின் தளர்ச்சி

இனி அகவையை ஆராய்வோம். 21 என்னும் எல்லை கல்லூரியை எவ்வாறு பாதித்தது என்பதனை எவரும் போதிய அளவு எண்ணிப் பார்த்ததாகத் தோன்றவில்லை. பதினோராண்டுப் பள்ளிப்படிப்பும், அதன்பின் நான்காண்டுக் கல்லூரிப் படிப்பும் இருந்த காலத்தில், மாணாக்கருள் பெரும்பாலோர் பட்டம் பெற்று வெளியேறும் தறுவாயிலேயே 21 அகவையை எட்டினர். ஆகவே, இளங்கலை வகுப்புகளில் வாக்காளர் மிகச் சிலரே. வாக்காளர் இல்லாத நிறுவனம் வாக்கைப் பற்றி எண்ணுதற்கு ஏது இல்லை. தேர்தல் என்பது கல்லூரிக்குப் புறத்தே நிகழும் ஒன்று என்னும் மனப்பான்மை இவ்வாறு வேரூன்றியது.

ஆயின், வாக்கில்லாத மாணாக்கர் நாட்டு நடப்பில் கலவாதிருந்தனரோ எனின், இல்லை. 1965ஆம் ஆண்டு சனவரித் திங்களில் எழுந்த இந்தி எதிர்ப்புக் கிளர்ச்சியை முன்னின்று நடத்தியவர் கல்லூரி மாணாக்கரே. அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணாக்கர் இராசேந்திரன் அக்கிளர்ச்சியில் துப்பாக்கிக் குண்டுக்கு இரையானார். ஈராண்டு கழித்து 1967இல் நடந்த பொதுத்தேர்தலில் மாணாக்கர் பலர் ஊர்தோறும் சென்று பரப்புரை செய்தனர். அக்கிளர்ச்சியில் மாணவர் தலைவராய் விளங்கிய பெ. சீனிவாசன், விருதுநகரில் பெருந்தலைவர் காமராசரை 1,285 வாக்குகள் வேறுபாட்டில் வென்றார். மொத்தம் 234 இடங்களுள் 137ஐத் திராவிட முன்னேற்றக் கழகம் பெற்றது. வாக்களித்தோர் 100க்கு 76க்கு மேற்பட்டனர். அவ்வெற்றிக்கு உணவுத் தட்டுப்பாடு, கூட்டணி முதலிய பிற காரணங்களும் உண்டு. மாணாக்கரை மட்டுமே காரணமாகக் காட்டுதல் மிகைபடக் கூறலாகும். எனினும், தமக்கு வாக்கில்லாத மாணாக்கர் பிறர் வாக்குகளைத் திரட்டினர் என்பது மறுக்கவொண்ணாதது. மாணாக்கர் இயல்பாகவே நாட்டு நடப்பில் பற்றற்றவர் என்னும் கூற்றுக்கு இதனினும் வலிய மறுப்பு வேண்டா.

பிற நாடுகள் அகவை எல்லையைக் குறைத்த காலத்தையும் ஒப்பிடுவோம். இலங்கை 1959இலேயே 21ஐ 18ஆகக் குறைத்தது. இங்கிலாந்து 1969இலும், அமெரிக்க ஐக்கிய நாடுகள் 26ஆம் திருத்தத்தால் 1971இலும் அவ்வாறு செய்தன. இலங்கையில் 1948, 1949ஆம் ஆண்டுச் சட்டங்கள் மலையகத் தமிழர் பெரும்பாலோரின் குடியுரிமையையும் வாக்குரிமையையும் பறித்திருந்தன என்பதனையும் உடன் நினைத்தல் வேண்டும். 18 அகவையினர்க்கு வாக்களித்த நாடே, அறுபது அகவைத் தோட்டத் தொழிலாளர்க்கு அதனை மறுத்திருந்தது. அகவை ஒன்றைத் தளர்த்துவதால் மட்டும் வாக்கு எல்லார்க்கும் எய்திவிடாது என்பதற்கு இது தக்க சான்று.

இந்தியாவில் 61ஆம் திருத்தம் 1988 திசம்பரில் பாராளுமன்றத்தில் நிறைவேறி, 28-3-1989 அன்று நடைமுறைக்கு வந்தது. அவ்வாண்டில் தமிழ்நாடு இரு தேர்தல்களைக் கண்டது. சனவரித் திங்களில் நடந்த சட்டமன்றத் தேர்தலில் 21 அகவையினரே வாக்களித்தனர். நவம்பரில் நடந்த மக்களவைத் தேர்தலில் 18 அகவையினரும் வாக்களித்தனர். புதியவர் பெயர்களைச் சேர்த்தற்பொருட்டு, தகுதி நாள் அவ்வாண்டிற்கு மட்டும் சனவரி 1க்கு மாறாக ஏப்பிரல் 1 எனச் சட்டத்தால் வகுக்கப்பட்டது.

இத்திருத்தத்திற்குப் பதினோராண்டு முன்னர், 1978இல், தமிழ்நாட்டில் மேனிலைப் பள்ளிக் கல்வி தொடங்கியிருந்தது. அதனால் மாணாக்கர் கல்லூரியுட் புகும் அகவை 17 அல்லது 18 ஆயிற்று. இவ்விரு மாற்றங்களும் தம்முள் தொடர்பில்லாதவை. ஆயினும் இவ்விரண்டும் கூடியே கல்லூரியை வாக்காளர் நிறைந்த இடமாக்கின. கல்லூரிகளோ தம் பழைய மனப்பான்மையினின்றும் எளிதில் மாறவில்லை. 1969இல் தொடங்கப்பெற்ற நாட்டு நலப்பணித் திட்டம் மாணாக்கரைக் குளம் தூர்வாரவும் மரம் நடவும் பழக்கிற்று. தம் பெயர் பட்டியலில் உளதா எனப் பார்த்தற்குப் பழக்கும் பணி நெடுங்காலம் எவர்க்கும் உரியதாகவில்லை. 2006இல் இலிங்டோ குழு மாணவர் மன்றத் தேர்தல்கட்கு விதிகள் வகுத்தது. இளங்கலை மாணாக்கர் 17 முதல் 22 அகவைக்குள் போட்டியிடலாம் என்றும், தேர்தல் முடிந்த இரு கிழமைக்குள் கணக்குக் காட்டல் வேண்டும் என்றும் அது கூறிற்று. கணக்குக் காட்டாதார் பெயர் குடத்தில் இடப்படாது என்ற உத்தரமேரூர் விதி இங்கு நினைவிற்கு வரும். ஆயினும் தமிழ்நாட்டில் பல கல்லூரிகளில் மாணாக்கர் நேரே வாக்களித்துத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் வழக்கம் அருகியே காணப்படுகின்றது.

எஞ்சிய அளவை: இருப்பிடம்

கல்வி நீங்கி, அகவையும் தளர்ந்த பின்னர் எஞ்சியது இருப்பிடம். 1950ஆம் ஆண்டு மக்கள் சார்பாண்மைச் சட்டத்தின் 19ஆம் பிரிவு, ஒருவர் எத்தொகுதியில் வழக்கமாகக் குடியிருக்கின்றாரோ அத்தொகுதியின் பட்டியலிலேயே பதிவு பெறுவர் என்கின்றது. 20ஆம் பிரிவு இரண்டு விளக்கங்கள் தருகின்றது. ஓரிடத்தில் வீடு உடைமையால் மட்டும் ஒருவர் அங்குக் குடியிருப்பவர் ஆகார். தற்காலிகமாக வெளியே சென்றமையால் மட்டும் ஒருவர் தம் இருப்பிடத்தை இழப்பவரும் ஆகார். சொந்த மனையில் கட்டிய வீட்டைத் தகுதியாகக் கொண்ட உத்தரமேரூர் விதியினின்றும் இது பெரிதும் வேறுபட்டது. உடைமைத் தொடர்பு அறுந்தது. வாழ்தல் மட்டும் அளவையாயிற்று. 17ஆம் பிரிவு ஒருவர் ஒரு தொகுதிக்கு மேற்பட்டவற்றில் பதிவு பெறுதலைத் தடுக்கின்றது.

உழவனுக்கும் வணிகனுக்கும் இவ்விதியால் இடர் இல்லை. மாணாக்கனின் நிலையோ வேறு. திருநெல்வேலியைச் சார்ந்த ஒருத்தி கோயமுத்தூரில் விடுதியில் தங்கிக் கற்கின்றாள் என்று கொள்வோம். ஆண்டில் ஒன்பது திங்கள் விடுதியில் வாழ்கின்றாள். குடும்ப அட்டையிலோ அவள் பெயர் பிறந்த ஊரில் உள்ளது. வாக்குச்சாவடி நிலை அலுவலர் வீடு வீடாகச் செல்லுங்கால் அவள் ஊரில் இல்லை. விடுதிக்கு அவர் செல்லின், அது வீடு எனக் கொள்ளப்படுவதில்லை. பெயர் ஊர்ப் பட்டியலில் இருப்பினும், வாக்களிக்கும் நாளன்று அவள் நெடுந்தொலைவு செல்லல் வேண்டும். அஞ்சல்வழி வாக்கு படைவீரர், தேர்தற் பணியாளர், மிக முதியோர் முதலிய சிலர்க்கே உரியது, மாணாக்கர்க்கு இல்லை. தமிழ்நாட்டில் மக்களவைத் தேர்தலும் சட்டமன்றத் தேர்தலும் அண்மைக்காலத்தில் பெரும்பாலும் ஏப்பிரல், மே ஆகிய தேர்வுத் திங்கள்களையொட்டியே நிகழ்ந்துள்ளன என்பதனையும் சேர்த்தெண்ணுக.

சட்டம் இதற்கு வழி காட்டாமல் இல்லை. விடுதியில் தங்கிக் கற்கும் மாணாக்கர், பெற்றோர் வாழும் ஊரிலோ கற்கும் ஊரிலோ தாம் விரும்பிய ஓரிடத்தில் பதிவு பெறலாம் எனத் தேர்தல் ஆணையம் நெறி வகுத்துள்ளது. படிப்பு ஏற்பளிக்கப்பட்டதாயும் ஓராண்டிற்குக் குறையாததாயும் இருத்தல் வேண்டும். ‘போனஃபைடு’ என வழக்கில் கூறப்படும் கல்லூரிச் சான்றிதழை 6ஆம் படிவத்தோடு இணைத்தல் வேண்டும். முன்னரே ஊரில் பதிவு பெற்றவர் 8ஆம் படிவத்தால் இடம் மாற்றிக்கொள்ளலாம். இவ்வாறு, மாணாக்கனின் இருப்பிடத்தைச் சான்றுரைக்கும் பொறுப்பு கல்லூரியின் கையில் வந்துள்ளது. ஆயின், இவ்வழி உண்டு என்பதனை அறிந்த மாணாக்கர் சிலரே. அறிந்து அறிவிக்கும் கல்லூரிகள் அவரினும் சில.

தகுதி நாளும் நெடுங்காலம் இடையூறாயிருந்தது. சனவரி முதல் நாளே தகுதி நாளாயிருந்தமையால், சனவரி 2ஆம் நாள் 18 நிரம்பிய ஒருவர் ஏறத்தாழ ஓராண்டு காத்திருக்க வேண்டியவரானார். 2021ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம், 1-8-2022 முதல், சனவரி, ஏப்பிரல், சூலை, அக்டோபர் ஆகிய நான்கு திங்கள்களின் முதல் நாள்களையும் தகுதி நாள்களாக்கியது. 17 நிரம்பியோர் முன்கூட்டியே விண்ணப்பித்தலும் இயல்வதாயிற்று.

பிற நாட்டு வழக்குகள்

இருப்பிடச் சிக்கல் நம் நாட்டிற்கே உரியதன்று. அகவை குறைந்த நாடுகளிலெல்லாம் அதனை அடுத்து எழுந்த வழக்கு இருப்பிடம் பற்றியதே. இங்கிலாந்தில் 18 அகவையினர் வாக்குப் பெற்றவுடன், பிரிசுடல், கேம்பிரிட்சு மாணாக்கர் தாம் கற்கும் நகரில் குடியிருப்போர் ஆவரா என்னும் வினா எழுந்தது. 1970இல் மேல்முறையீட்டு மன்றம், பாக்சு எதிர் சிடர்க்கு என்னும் வழக்கில், மாணாக்கர் கல்லூரியூரிலும் குடியிருப்போரே. இரண்டிடத்தும் பதிவு பெறலாம். பாராளுமன்றத் தேர்தலில் ஒருமுறையே வாக்களித்தல் வேண்டும் என முடிவு செய்தது.

அமெரிக்காவின் தெக்சாசு மாநிலத்து வாலர் மாவட்டத்தில் இச்சிக்கல் நிறவேற்றுமையொடும் பின்னிக் கிடந்தது. அங்குள்ள பிரெய்ரி வியூ பல்கலைக்கழகம் 1876இல் கறுப்பின மக்கட்கெனத் தோன்றியது. அம்மாவட்டத்தின் பதிவு அலுவலர், மாணாக்கர் வெளியூரார் என்றே கொண்டு, படிப்பு முடிந்தபின் அங்கேயே தங்குவரா என்பது போன்ற வினாக்கள் அடங்கிய தாளை நிரப்பச் செய்து, பலரைப் பதிவு செய்ய மறுத்தார். 26ஆம் திருத்தத்திற்கு அது முரண் என்று கூட்டரசின் மாவட்ட மன்றம் தீர்த்ததை 1979இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அகவையால் வழங்கிய உரிமையை இருப்பிடத்தால் திரும்பப் பெறல் கூடும் என்பதனை இவ்வழக்கு தெற்றெனக் காட்டுகின்றது. நம் நாட்டில் அவ்வாறு எவரும் வேண்டுமென்று மறுப்பதாகக் கூறுதற்கு யாம் துணியோம். ஆனால், கருதாமையாலும் அதே பயன் விளைதல் கூடும்.

எண்கள் உணர்த்துவன

2009 முதல் தேர்தல் ஆணையம் வாக்காளர் கல்விக்கெனத் தனித் திட்டம் நடத்துகின்றது. ஆணையம் தோன்றிய நாளாகிய சனவரி 25, 2011 முதல் தேசிய வாக்காளர் நாளாகக் கொண்டாடப்பெறுகின்றது. ஆயினும் 2024ஆம் ஆண்டு மக்களவைத் தேர்தல் அறிவிக்கப்பட்டபோது, ஏறத்தாழ 97 கோடி வாக்காளருள் 18, 19 அகவையினர் 1 கோடியே 82 இலட்சம் அளவினரே. மக்கள்தொகை மதிப்பீட்டின்படி அவ்வகவையினர் ஏறத்தாழ 4 கோடியே 90 இலட்சம். பத்தில் நால்வர்கூடப் பட்டியலில் ஏறவில்லை என்பது இதனாற் புலனாகும். பட்டியலில் இல்லாதவர் வாக்களிக்க விரும்பினும் இயலாது. ஆதலின், வாக்களித்தோர் விழுக்காட்டைக் கொண்டு இவர்தம் உள்ளத்தை அளத்தல் எங்ஙனம்?

அதே தேர்தலில், 19-4-2024 அன்று, தருமபுரித் தொகுதியில் 100க்கு 81 பேரும், மத்திய சென்னையில் 54 பேர் அளவினரும் வாக்களித்தனர். கல்லூரிகள் செறிந்த தலைநகரில் வாக்களிப்புக் குறைந்தமைக்கு மாணாக்கரைக் காரணமாகக் கூறுவாரும் உளர். அம்முடிபு ஏற்கத்தக்கதன்று. விழுக்காடு என்பது பட்டியலிலுள்ள பெயர்களை வகுக்கும் எண்ணாகக் கொண்டது. குடிபெயர்ந்தோர், இறந்தோர் பெயர்கள் நகரப் பட்டியலில் நீக்கப்படாது தங்குமாயின் விழுக்காடு தாழும். நகரத்தில் கற்பினும் ஊரில் பதிவு பெற்ற மாணாக்கர் அந்நகரக் கணக்கில் வாரார்.

இங்கு எழும் தடைகள் இரண்டு. பட்டியலில் பெயர் ஏறினும் பலர் வாக்களிப்பதில்லையே என்பது ஒன்று. அஃது உண்மையே, பெயர் ஏற்றுதல் முதற்படியே அன்றி முடிபன்று. ஆயினும் முதற்படி இல்லாதார் ஏறுதல் யாண்டும் இல்லை. மூன்றாண்டில் ஊரை விட்டு நீங்கும் மாணாக்கர் அவ்வூர்ச் சார்பாளரைத் தேர்ந்தெடுத்தல் தகுமோ என்பது மற்றொன்று. வாடகை வீட்டில் வாழ்ந்து பணிமாற்றம் பெறும் அலுவலரை எவரும் இவ்வாறு வினவுவதில்லை. கற்கும் ஊரின் நீரையும் சாலையையும் விளக்கையும் பயன்கொள்வோர்க்கு அவ்வூரில் கருத்துக் கூற உரிமை உண்டு. அன்றியும், சொந்த ஊரிலேயே வாக்களிக்க விழைவார்க்கு அவ்வுரிமையும் தடைப்படவில்லை, தெரிவு மாணாக்கருடையது.

முடிவுரை

இதுகாறும் கூறியவாற்றால் பின்வருவன பெறப்படும். பழங்காலத்தில் கல்வியும் அகவையும் இருப்பிடமும் உடைமையோடு பிணைந்து, சிலர்க்கே உரிமை நல்கின. ஆங்கிலேயர் காலத்தில் கல்வி தனித்து நின்று கற்று முடித்தார்க்கு உரிமை தந்தது. விடுதலைக்குப் பின் கல்வி விலகிற்று. 1989இல் அகவை தளர்ந்து, கற்றுக்கொண்டிருப்போரே வாக்காளராயினர். இருப்பிடம் ஒன்றே, நிலைத்த குடும்பத்தை உளங்கொண்டு அமைந்த பழைய வடிவினின்றும் முழுதும் நீங்காது நிற்கின்றது. மாணாக்கர் வாக்களிப்புக் குறைவிற்கு அவர்தம் ஊக்கமின்மையை முதற்காரணமாகக் கூறுதல் வரலாற்றோடு பொருந்தாது.

ஆதலின் கல்லூரிகள் செய்யத்தக்கது ஒன்றுண்டு. மாணாக்கரைச் சேர்க்குங்கால் மாற்றுச் சான்றிதழும் சாதிச் சான்றிதழும் மதிப்பெண் பட்டியலும் கேட்டுப் பெறும் அலுவலகமே, 6ஆம் படிவத்தையும் இருப்பிடச் சான்றையும் அந்நாளிலேயே வழங்குமாயின், சூலை முதல் நாளும் அக்டோபர் முதல் நாளும் தகுதி நாள்களாதலின், முதலாண்டு முடியுமுன்னரே மாணாக்கருள் பெரும்பாலோர் பட்டியலில் ஏறுவர். விடுதிகளில் ஆண்டுதோறும் ஒருநாள் பட்டியலைப் படித்துக் காட்டுதலும் எளிதே. படிப்பு முடிந்து செல்வார்க்கு மாற்றுச் சான்றிதழோடு 8ஆம் படிவத்தையும் கொடுப்பின், நீங்கினார் பெயர் பட்டியலில் தேங்குதலும் குறையும். இவற்றிற்குப் புதுச்சட்டம் வேண்டா, பெரும்பொருளும் வேண்டா.

உத்தரமேரூரில் ஓலையில் பெயர் ஏறியவனே குடத்தினின்று எடுக்கப்படுதற்குரியவனானான். இன்றும் பட்டியலில் பெயர் ஏறியவரே வாக்களித்தற்குரியர். ஓலை எழுதும் பணி அன்று குடும்பினுடையதாயிருந்தது. இன்று மாணாக்கர் பொருட்டு அப்பணியில் ஒரு பகுதி கல்லூரியினுடையதாகியுள்ளது. தத்தம் கல்லூரியில் எத்துணை மாணாக்கர் பட்டியலில் உளர் என்பதனை முதுகலை மாணாக்கர் துறைதோறும் கணக்கிட்டு வெளியிடுவாராயின், ஈண்டு யாம் கூறிய முடிபு மெய்யோ பொய்யோ என்பது ஐயமறத் துணியப்படும்.